அறிவின் ஸனதைத் தேடிய பேராசிரியர்

மத்ரஸாவில் ஓதி முடித்தவர்களுக்கு அந்த நாள் மறப்பதில்லை. ஸஹீஹுல் புகாரியின் இறுதி ஹதீஸ் ஓதப்பட்டபின், உஸ்தாத் அவர்கள் கிதாபை மூடிவைத்து, தமது ஸனதைச் சொல்லத் தொடங்குவார்கள். தாம் யாரிடம் ஓதினார்கள், அவர் யாரிடம் ஓதினார், அவருக்கு ஓதிக்கொடுத்தவர் யார் என்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிச் சென்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளைக் கடந்து இமாம் புகாரி (ரஹ்) அவர்களிடம் போய் நிற்கும். உண்மையைச் சொல்வதானால், மாணவப் பருவத்தில் நான் அப்பெயர் வரிசையைப் பாதித் தூக்கத்தில்தான் கேட்டேன். ஹதீஸின் வாசகம் போதாதா, இத்தனை பெயர்கள் எதற்கு என்றுகூட எண்ணியதுண்டு.

அந்தப் பெயர் வரிசைக்குள் ஒரு நாகரிகத்தின் நூலகமே ஒளிந்திருக்கிறது என்று கண்டு சொன்ன ஒருவரைப் பற்றி இங்கே எழுத விழைகிறேன். "இதை நீ யாரிடமிருந்து பெற்றாய்?" என்று ஹதீஸ் கலை கேட்கும் அதே கேள்வியை மருத்துவத்திடமும் வானநூலிடமும் கணிதத்திடமும் கேட்டு, அதற்குரிய விடையைப் பதினேழு பெருந்தொகுதிகளில் எழுதிவைத்தவர் அவர். துருக்கியில் பிறந்து, ஜெர்மனியில் உழைத்து, இஸ்தான்பூலில் அடங்கியிருக்கும் பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் அவர்களே அப்பெருந்தகை.

அன்னார் 1924-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் துருக்கியின் கிழக்குக் கோடியிலுள்ள பித்லீஸ் நகரில் பிறந்தார். எர்ஸுரூமில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, 1942-இல் இஸ்தான்பூலுக்கு வந்தபோது அவருடைய நாட்டமெல்லாம் பொறியியலில்தான் இருந்தது. உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால், ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ரிட்டர் நடத்திய வகுப்பொன்றில் போய் உட்கார்ந்தார். அந்த ஓர் அமர்வோடு பொறியியல் போயிற்று.

ரிட்டரைப் பற்றி ஒரு சொல். கீழைநாட்டு மொழிகளைக் கற்ற ஐரோப்பியரை நாம் 'முஸ்தஷ்ரிக்' என்ற ஒரே பெயரிட்டு, ஒரே தராசில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அவர்களிலும் பல தரத்தார் உண்டு. இஸ்தான்பூலின் பள்ளிவாசல்களையும் தர்காக்களையும் சார்ந்த நூலகங்களில் தூசு மூடிக் கிடந்த அரபு, பார்ஸிக் கையெழுத்துப் பிரதிகளைப் பல்லாண்டு காலம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து உலகுக்கு அறிவித்தவர் இந்த ரிட்டர். கண்டிப்பு மிக்க ஆசிரியர். நம் உஸ்தாத்மார்களின் முன்னிலையில் அவரை நிறுத்தினாலும் கூச்சமின்றி நிற்கக்கூடியவர்.

அவரிடம் ஒருநாள் இளைஞர் ஸெஸ்கின், இஸ்லாமிய உலகில் பெரிய கணித மேதைகள் எவரேனும் இருந்தனரா என்று கேட்டாராம். அல்குவாரிஸ்மீ, இப்னு யூனுஸ், இப்னுல் ஹைஸம், அல்பீரூனீ என்று ரிட்டர் பெயர்களை அடுக்கி, இவர்கள் ஐரோப்பாவின் தலைசிறந்த மேதைகளுக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர் என்று கூறியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இப்பெயர்களில் ஒன்றைக்கூடக் கேட்டறியாத அம்மாணவர் அன்றிரவு உறங்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்து அவர் அரபு கற்ற விதம் நம் மாணவச் செல்வங்கள் கேட்க வேண்டிய செய்தி. உலகப் போர் துருக்கியின் வாசலை நெருங்கிய நாளில், பல்கலைக்கழகம் ஆறு மாதங்கள் மூடப்பட்டது. விடுமுறையை அரபு கற்பதில் கழிக்குமாறு ரிட்டர் கட்டளையிட்டார். ஸெஸ்கின் அவர்கள் இலக்கணப் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. முப்பது பாகங்கள் கொண்ட தப்ஸீருத் தபரீயை எடுத்துவைத்துக்கொண்டு, துருக்கி மொழியிலுள்ள குர்ஆன் விளக்கங்களை அருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவண்ணம், நாளொன்றுக்குப் பதினேழு மணி நேரம் படித்தார். தொடக்கத்தில் ஒன்றும் விளங்கவில்லை. ஆறு மாதம் கழிந்தபோது தபரீயை நாளிதழ் படிப்பதுபோல் படித்தார். விடுமுறை முடிந்து வந்தவர் முன் ரிட்டர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவை விரித்துவைத்தார். மாணவர் தடையின்றி வாசித்தார். எழுவாய் பயனிலை இலக்கணத்தையே ஏழாண்டு உருட்டும் நமக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்.

ரிட்டரின் மேற்பார்வையில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அரபு மொழி வல்லுநர் அபூ உபைதா மஅமர் இப்னுல் முஸன்னா அவர்களின் 'மஜாஸுல் குர்ஆன்' என்ற நூலைப் பற்றியதாகும். அந்நூலைப் பிரதிகளோடு ஒப்புநோக்கித் திருத்திப் பதிப்பித்தார். முதற்பாகம் 1954-இல் கெய்ரோவில் வெளிவந்தது. இவ்வேலையின் இடையேதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய கண்டுபிடிப்பு நேர்ந்தது.

புகாரி ஓதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸஹீஹின் கிதாபுத் தப்ஸீரில் "மஅமர் கூறினார்" என்று சில இடங்களில் வரும். நம் மாணவர் பலர் அதனை ஹதீஸ் அறிவிப்பாளர் மஅமர் இப்னு ராஷித் என்று எண்ணி மயங்குவர். அவர் அபூ உபைதா மஅமர்தான் என்பதை ஹாபிஸ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் தமது பத்ஹுல் பாரியில் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஸெஸ்கின் அவர்கள் தம் மேசைமீது கிடந்த மஜாஸுல் குர்ஆனையும் ஸஹீஹையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பெயர் சொல்லப்பட்ட இடங்களில் மட்டுமின்றிப் பெயர் சொல்லப்படாத பல இடங்களிலும் சொல்லுக்குச் சொல் பொருந்தி வருவதைக் கண்டார். ஆகவே இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் செவிவழிச் செய்திகளை மட்டும் திரட்டவில்லை. எழுதப்பட்ட நூல்களும் அவர்கள் முன் இருந்தன.

அக்காலத்து ஐரோப்பிய ஆய்வுலகில் கோல்ட்ஸிஹர் என்ற ஹங்கேரிய அறிஞரின் கருத்தே ஓங்கியிருந்தது. ஹதீஸ்கள் நெடுங்காலம் வாய்மொழியாகவே உலவின, பிற்காலத்துச் சச்சரவுகளின் சாயல் அவற்றில் படிந்துவிட்டது, நூல் வடிவம் காலம் தாழ்த்தே வந்தது என்பது அக்கருத்தின் சாரம். 1956-இல் வெளியான 'புகாரியின் மூலங்கள்' என்ற தமது துருக்கி நூலில் ஸெஸ்கின் அவர்கள் இதனை மறுத்தார். ஸமாஉ, கிராஅத், இஜாஸத், முனாவலத் என்று உஸூலுல் ஹதீஸில் நாம் மனனம் செய்யும் முறைகளெல்லாம் பெரும்பாலும் ஒரு நூலை அதன் ஆசிரியரிடமிருந்து முறையாகப் பெறுவதற்கான வழிகளே என்றும், இஸ்னாதில் வரும் பெயர்களுட் பல நூலாசிரியர்களின் பெயர்களே என்றும், ஸனதை ஆராய்ந்தால் அழிந்துபோன பழைய நூல்களின் தடத்தை மீட்கலாம் என்றும் நிறுவ முயன்றார். நான் பாதித் தூக்கத்தில் கேட்ட பெயர் வரிசையை அவர் நூல்நிலையப் பட்டியலாகப் படித்தார்!

இக்கருத்து முழுமையாக ஏற்கப்பட்டுவிட்டது என்று சொல்வது நேர்மையாகாது. பின்னாளில் கிரிகோர் ஷோலர் என்ற அறிஞர், முற்காலத்தில் இருந்தவை முற்றுப்பெற்ற நூல்கள் அல்ல, ஆசிரியர் பாடம் சொல்வதற்கும் மாணவர் குறித்துக்கொள்வதற்கும் பயன்பட்ட ஏடுகளே என்று இடைவழி ஒன்றைக் காட்டினார். ஆயினும் எழுத்தே இல்லாத காலம் என்ற பேச்சு, ஸெஸ்கினுக்குப் பின் பழைய உறுதியோடு ஒலிக்கவில்லை.

1960-ஆம் ஆண்டு மே மாதம் துருக்கியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிற்று. அதே அக்டோபரில் பல்கலைக்கழக ஆசிரியர் 147 பேர் ஒரே ஆணையால் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். தம் பெயரும் அப்பட்டியலில் இருப்பதை ஸெஸ்கின் அவர்கள் பத்திரிகையில் கண்டறிந்தார். 1961-இல் ஒரே ஒரு பெட்டியுடன் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்குச் சென்றார். கையெழுத்துப் பிரதிகளிலிருந்து பல்லாண்டு காலம் எடுத்த குறிப்புகளே அவருடைய செல்வம். அங்கே வருகை ஆசிரியராகத் தொடங்கி, ஜாபிர் இப்னு ஹய்யானைப் பற்றிய ஆய்வினால் தகுதி பெற்று, பேராசிரியரானார். தம்மைப் போலவே அரபு வரலாற்று நூல்களில் தோய்ந்த உர்ஸுலா என்ற அம்மையாரை அங்கே மணந்துகொண்டார்.

அரபு நூல்களின் பெரும் பட்டியலொன்றை கார்ல் புரோக்கல்மான் என்ற ஜெர்மானியர் முன்னரே எழுதியிருந்தார். அரபு ஆய்வாளர் எவரும் அதைத் தொடாமல் ஓர் அடி எடுத்துவைக்க இயலாது. ஆயின் இஸ்தான்பூல் நூலகங்களின் செல்வம் அவருக்கு முழுமையாக எட்டவில்லை. அக்குறையை நீக்கி ஓர் அனுபந்தம் எழுதலாம் என்றுதான் ஸெஸ்கின் அவர்கள் தொடங்கினார். நாடு நாடாகச் சென்று நூலகங்களில் பிரதிகளைப் பார்க்கப் பார்க்க, அனுபந்தம் என்ற எண்ணம் கைநழுவி, புதிதாக ஒரு நூலே எழுத வேண்டியதாயிற்று. 'அரபு எழுத்து மரபின் வரலாறு' என்று பொருள்படும் அதன் முதல் தொகுதி 1967-இல் வெளிவந்தது. குர்ஆன் கலைகள், ஹதீஸ், வரலாறு, பிக்ஹு, அகீதா, தஸவ்வுப் ஆகியவை அதில் அடங்கின. ஏறத்தாழ ஹிஜ்ரி 430 வரையுள்ள காலத்தை எல்லையாக வைத்துக்கொண்டு, மருத்துவம் (1970), இரசவாதமும் வேளாண்மையும் (1971), கணிதம் (1974), வானநூல் (1978) என்று தொகுதிகள் தொடர்ந்தன. கவிதை, அகராதி, இலக்கணம், பூகோளம் ஆகியவற்றுக்கும் தனித்தொகுதிகள் உண்டு.

ஒவ்வோர் ஆசிரியர் பெயரின் கீழும் வாழ்க்கைச் சுருக்கம், பிற அறிஞர் அவரைப் பற்றிக் கூறியவை, அவருடைய நூல்கள், ஒவ்வொரு நூலின் பிரதியும் எந்த ஊரில், எந்த நூலகத்தில், எந்த எண்ணில், எத்தனை ஏடுகளாக, எந்த ஹிஜ்ரியில் படியெடுக்கப்பட்டுக் கிடக்கிறது என்ற விவரம், அச்சான பதிப்புகள், அழிந்துபோன நூலாயின் அதன் துணுக்குகள் எந்தெந்தப் பிற்கால நூலில் எஞ்சியுள்ளன என்ற குறிப்பு எல்லாம் காணப்படும். படிப்பதற்குச் சுவையான நூல் அன்று. ஆனால் கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் போன்று, சொத்து எங்கே இருக்கிறது என்று அறிய விரும்புகிறவன் அதைத்தான் புரட்ட வேண்டும்.

மருத்துவத்துக்குரிய மூன்றாம் தொகுதியைச் சற்று நின்று நோக்குவோம். இஸ்லாமிய மருத்துவம் யாரிடமிருந்து எதைப் பெற்றது என்பதை அத்தொகுதி மறைக்கவில்லை. கிரேக்கரின் ஹிப்போக்கிரட்டீஸும் காலினூஸும் முன்னே வருகின்றனர். இந்தியாவின் சரகரும் சுசுருதரும் அரபு உடையில் வருகின்றனர். பிறகே நம்மவர் வருகின்றனர். இவ்வாறு வரிசைப்படுத்துவதற்கு ஸெஸ்கின் அவர்களுக்குத் துணைநின்றவர்கள் அந்த மருத்துவர்களே. அவர்கள் தாங்கள் பெற்றதை ஒளிக்கவில்லை.

ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ மருத்துவர் அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் தலைசிறந்த மொழிபெயர்ப்பாளராய் விளங்கியவர். காலினூஸின் நூல்கள் 129-ஐக் குறித்து அவர் ஒரு ரிஸாலா எழுதினார். எந்த நூலை யார் மொழிபெயர்த்தார், யாருக்காக மொழிபெயர்த்தார், எத்தனை பிரதிகளை ஒப்பிட்டார், எந்தப் பிரதி பழுதுற்றது என்றெல்லாம் அதில் எழுதிவைத்தார். காலினூஸின் 'கிதாபுல் புர்ஹான்' என்ற நூலைத் தேடி ஜஸீரா, ஷாம், பாலஸ்தீன், மிஸ்ர் நாடுகளில் அலைந்து அலெக்ஸாந்திரியா வரை சென்றதாகவும், திமிஷ்கில் மட்டும் அதில் பாதியளவு கிடைத்ததாகவும் கூறுகிறார். ஹதீஸ் தேடிப் பயணம் செய்த முஹத்திஸ்களின் காலத்தவரல்லவா அவர்? காலத்தின் காற்று எல்லோர்மீதும் ஒன்றுபோல் வீசியிருக்கிறது.

ஹிஜ்ரி 313-இல் மறைந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ அவர்களின் 'அல்ஹாவீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். அது அவர் முடித்து வெளியிட்ட நூலன்று. வாழ்நாள் முழுதும் எழுதிவந்த குறிப்பேடுகள். அவர் மறைந்தபின் வஸீர் இப்னுல் அமீத் என்பார், ராஸீயின் சகோதரியிடம் பெரும்பொருள் கொடுத்து அவ்வேடுகளைப் பெற்று, மாணவர்களைக் கொண்டு ஒழுங்குபடுத்தினார் என்று இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். அந்தப் பெண்மணி அவற்றைப் பழந்தாள் என்று எறிந்திருந்தால்! அதில் ராஸீ ஒவ்வொரு நோய்க்கும் முன்னோர் கூறியதை அவரவர் பெயரிட்டு எழுதுவார்: காலினூஸ் இவ்வாறு கூறினார், இன்னார் இவ்வாறு கூறினார் என்று. எல்லாரும் கூறி முடித்தபின் தம் கருத்தோ தாம் கண்ட நோயாளியின் செய்தியோ வரும் இடத்தில், 'லீ' என்று இரண்டே எழுத்து எழுதுவார். 'இது என்னுடையது' என்பது அதன் பொருள். பிறருடையது இது, என்னுடையது இது என்று பிரிக்கும் அவ்விரண்டு எழுத்தினால், மூலத்தில் அழிந்துபோன கிரேக்க மருத்துவ நூல்கள் பலவற்றின் துணுக்குகள் இன்றும் நம் கையில் உள்ளன. ஸெஸ்கினின் மூன்றாம் தொகுதியில் பக்கத்துக்குப் பக்கம் ஹாவீ சுட்டப்படுவது இதனாலேயே. நமக்கு அருகே ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிப் நிறுவனம் 1955 முதல் அந்த ஹாவீயை 23 பாகங்களாக அச்சிட்டளித்தது என்பதையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலி சென்ற கான்ஸ்டன்டைன் என்பவர், மோன்ட்டே காஸீனோ மடத்தில் இருந்துகொண்டு அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸீயின் 'அல்கிதாபுல் மலகீ'யை ஆசிரியர் பெயரின்றித் தமது நூலாக வெளியிட்டார். ஹுனைனின் கண் மருத்துவ நூலும் அவர் பெயரிலேயே உலவிற்று. 1127-இல் அந்தியோக்கியாவின் ஸ்டீபன் என்பவர் மலகீயை மீண்டும் மொழிபெயர்த்து, முன்னவரின் செயலை வெளிப்படையாகக் கண்டித்தார். ஐரோப்பியரிலும் நீதி சொன்னவர் உண்டு. ஆயினும் இத்தகைய செயல்களால் ஸனது அறுந்துபோயிற்று. கிரேக்கருக்குப் பின் நேரே ஐரோப்பா, இடையில் ஒன்றுமில்லை என்று எழுதும் வழக்கம் பாடப் புத்தகங்களில் வேரூன்றிற்று என்பதே ஸெஸ்கின் அவர்களின் வாழ்நாள் வழக்கு. அவர் அதனைக் கோபத்தோடு வாதிடவில்லை. பிரதி எண்ணையும் ஏட்டு எண்ணையும் சாட்சியாக நிறுத்தினார்.

நம் மீலாத் மேடைகளில் "உலகிலுள்ள விஞ்ஞானமெல்லாம் நாம் கொடுத்ததே" என்று முழங்குவதைக் கேட்கும்போது எனக்கு நாணமாக இருக்கும். ஒருமுறை அவ்வாறு முழங்கிய ஓர் இளைஞரிடம், எந்த நூலில் பார்த்தீர்கள் தம்பி என்று மெல்லக் கேட்டேன். இன்னொரு சொற்பொழிவில் கேட்டதாகச் சொன்னார். அந்தச் சொற்பொழிவாளர் யாரிடம் கேட்டாரோ! பெயர் தெரியாத அறிவிப்பாளரின் ஹதீஸை நாம் ஏற்பதில்லை. பெருமைப் பேச்சுக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாதோ?

அதே அளவுகோலை ஸெஸ்கின் அவர்கள்மீது வைப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரிலுள்ள நூல்கள் ஒரு கூட்டத்தாரால் பிற்காலத்தில் எழுதப்பட்டவை என்று பால் கிராஸ் என்ற அறிஞர் விரிவாக வாதிட்டிருந்தார். அவை ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டினவே என்று ஸெஸ்கின் எதிர்வாதிட்டார். ஆய்வாளரிற் பெரும்பாலோர் அவ்வாதத்தை முழுமையாக ஏற்கவில்லை. பூகோளத் தொகுதிகளில் அவர் இன்னும் ஓரடி முன்சென்று, கொலம்பஸுக்கு முன்பே முஸ்லிம் மாலுமிகள் அமெரிக்கக் கரையை அடைந்து அதனை வரைபடத்திலும் குறித்தனர் என்று எழுதினார். பிற்கால வரைபடங்களின் துல்லியத்தைக் கொண்டு, கிடைக்காத முற்கால வரைபடங்களை ஊகித்துச் செல்லும் வழி இது. ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், இடையில் அறிவிப்பாளர் விடுபட்ட முன்கதிஉ. மருத்துவத் தொகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏட்டெண் காட்டிய அதே கை இங்கே ஊகத்தை ஊன்றுகோலாக்கியது ஏனென்று நான் பலமுறை எண்ணிப்பார்த்ததுண்டு. வாழ்நாள் முழுதும் பறிக்கப்பட்ட உரிமைக்காக வாதாடியவர், முதுமையில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்டுவிட்டார் போலும். அவர் திரட்டிய வரைபடங்களின் மதிப்பு இதனால் குறையவில்லை. நம் மேடைகளோ, அவர் எழுதிய பல்லாயிரம் பக்கங்களில் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டன.

1979-இல் இஸ்லாமிய ஆய்வுக்கான மன்னர் பைஸல் பரிசு முதன்முதலில் வழங்கப்பட்டபோது, அது ஸெஸ்கின் அவர்களுக்கே கிடைத்தது. அப்பொருளையும் அரபு நாடுகளின் உதவியையும் கொண்டு 1982-இல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் அரபு இஸ்லாமிய விஞ்ஞான வரலாற்று நிறுவனத்தை அமைத்தார். ஆயிரக்கணக்கான பழைய ஆய்வுகளை அந்நிறுவனம் மறுபதிப்புச் செய்தது.

அங்கே அவர் செய்த மற்றொரு காரியம் பாமரருக்கும் விளங்கக்கூடியது. கையெழுத்துப் பிரதிகளில் வர்ணனையாகவும் படமாகவும் இருந்த கருவிகளைக் கைவினைஞரைக் கொண்டு உலோகத்திலும் மரத்திலும் செய்துவைத்தார். அந்தலூஸின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ தமது 'அத்தஸ்ரீப்' நூலின் முப்பதாம் பகுதியில் படம் வரைந்து காட்டிய அறுவைக் கத்திகளும் கொக்கிகளும் சூட்டுக்கோல்களும் அவற்றுள் உண்டு. அஸ்துர்லாபுகளும் நீர்க்கடிகாரங்களும் உண்டு. எண்ணூறுக்கு மேற்பட்ட அக்கருவிகளின் விளக்கம் 2003-இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பொறியியல் படிக்க வந்த இளைஞர் அறுபதாண்டு கழித்து ஒருவகையில் பொறியியலுக்கே திரும்பிவிட்டார். 2008-இல் இஸ்தான்பூலின் குல்ஹானே பூங்காவிலும் அவ்வாறே ஒரு கண்காட்சி நிலையம் அவருடைய முயற்சியால் திறக்கப்பட்டது.

கடைசி நாட்களில் ஒரு துயரம் நேர்ந்தது. தம் நூலகத்தை இஸ்தான்பூலுக்குக் கொண்டுசெல்ல அவர் முயன்றபோது, அவற்றுள் எவை அவருடைய சொந்த நூல்கள், எவை நிறுவனத்துக்கு உரியவை என்ற வழக்கு எழுந்து, 2017-இல் ஜெர்மானிய அதிகாரிகள் அவற்றைத் தடுத்துவைத்தனர். ஒரு பெட்டியோடு சென்றவர், தாம் திரட்டியவற்றை விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. தொண்ணூற்றிரண்டு வயதைக் கடந்த நிலையிலும் பதினெட்டாம் தொகுதிக்கான வேலையை அவர் நிறுத்தவில்லை. 2018 ஜூன் 30-ஆம் நாள் இஸ்தான்பூலில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

குல்ஹானே பூங்காவில், தாம் அமைத்த கண்காட்சி நிலையத்தின் அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். இப்னு ஸீனா தமது அல்கானூனில் கூறிய மருந்துச் செடிகள் அந்நிலையத்தை ஒட்டிய தோட்டமொன்றில் நட்டுவளர்க்கப்படுகின்றன.